கபடிக்காரிகளின் போட்டோ

ராஜபாளையத்துத் தறிக்கொட்டகையிலிருந்து ஈஸ்வரி அன்றைக்கு அரைநாளோடு கிளம்பிவிட்டாள். மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை.

"என்னத்தா, பொங்கல் முடிஞ்சும் உனக்கு லீவு முடியலையா?"

"பிள்ளைக்கு போட்டோ எடுக்காகண்ணே."

"நிச்சயதார்த்தமா?"

"கபடிண்ணே" என்றவள், அவர் அடுத்த கேள்வியை யோசித்து முடிப்பதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்யும் கொட்டகை அது. நாள் முழுக்கப் பஞ்சு பறக்கும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டாலும் புருவத்திலும் காதோரத்திலும் வந்து படிந்துவிடும். வேலை முடிந்து வெளியே வரும் பெண்கள் எல்லாரும் ஒரே பகலில் நரைத்துப்போனவர்கள் மாதிரி இருப்பார்கள். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி மெதுவாகப் பேசுவதும் அவர்களுக்கு மறந்துவிட்டது. ஈஸ்வரி தன் வீட்டுக்குள் "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டால் நாலு வீடு தள்ளி ஆள் எட்டிப் பார்க்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி சுந்தரபாண்டியத்தில் அவள் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள பொட்டலில் பிள்ளைகள் நீலப் பனியனும் அரைக்கால் டவுசருமாக நின்றார்கள். மாவட்டப் போட்டியில் ஜெயித்த கோப்பை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தது. ஈஸ்வரியின் மகள் சிவரஞ்சனிதான் கேப்டன். பிளஸ் ஒன் படிக்கிறாள். பாடிக்கொண்டு எதிர்க் கட்டத்துக்குள் போனால் யாரையாவது தொடாமல் திரும்பமாட்டாள். அவளுக்குப் பக்கத்தில் அனுசியா. கீழத்தெருப் பிள்ளை. யாருடைய கணுக்காலையாவது பிடித்துவிட்டால் விசில் ஊதிய பிறகும் அவள் கை விடாது. சிவா தொட்டுவிட்டு வருவதும் அனுசியா பிடித்துவைப்பதும்தான் அந்த அணியின் பாதி விளையாட்டு.

பயிற்சி கொடுக்கிற வெங்கடேஸ்வரி டீச்சர் ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். "அம்மாயிகளா, உயரமானவங்க பின்னால போங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். யாரும் போகவில்லை. எல்லாருக்கும் முன்வரிசைதான் வேண்டியிருந்தது.

போட்டோ எடுக்க வந்தவள் பிரிஸ்கில்லா. ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியாக ஸ்டுடியோ நடத்துகிறாள். முப்பது வயதிருக்கும். ஸ்கூட்டியை நிறுத்தியதிலிருந்து அவள் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"அக்கா, எங்களுக்குப் பின்னால மலை வரணும்" என்றாள் சிவா.

"மலை வேணும்னா சூரியன் ஒங்களுக்குப் பின்னால போயிரும், மொகமெல்லாம் கருத்துரும். மொகம் வேணும்னா இந்தப் பக்கம் திரும்பி நின்னு, கண்ணு கூசுனாலும் பொறுத்துக்கிறணும். எது வேணும்?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "மொகந்தான்" என்றாள் அனுசியா. எல்லாரும் மலையை விட்டுவிட்டு மேற்கே திரும்பினார்கள்.

ஈஸ்வரி முந்தானையில் எச்சில் தொட்டு மகளின் முழங்காலில் அப்பியிருந்த செம்மண்ணைத் துடைக்கக் குனிந்தாள்.

"மண்ணு இருக்கட்டும்க்கா" என்றாள் பிரிஸ்கில்லா. "கபடிக்காரி முழங்காலு வெள்ளையா இருந்தா யாரு நம்புவா?"

கடைசியில் ஒருவழியாக வரிசை அமைந்தது. சிவா நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். "கையக் கட்டுங்க. மூச்ச இழுத்துப் பிடிங்க. சிரிக்கிறவக இப்பவே சிரிச்சு முடிச்சிருங்க." எல்லாரும் கையைக் கட்டினார்கள். பிரிஸ்கில்லாவின் விரல் அழுத்தப்போகிற நொடியில் அனுசியா எதையோ முணுமுணுக்க, சிவா சிரித்துக்கொண்டே கையை எடுத்து அவள் கழுத்தைச் சுற்றித் தோளில் போட்டு இழுத்தாள். அந்தப் படம்தான் எல்லாவற்றிலும் நன்றாக வந்தது.

பொங்கல் கழிந்த அந்த வாரத்திலேயே அது பிளக்ஸாகிப் பேருந்து நிறுத்தத்தில் ஏறியது. டீக்கடைக்குப் பக்கத்தில் இரண்டு சவுக்குக் கம்பு நட்டு, ஆள் இடுப்பு உயரத்துக்கு மேலே கட்டியிருந்தார்கள். ஈஸ்வரி காலையில் கம்பெனி வேனுக்கு நிற்கும்போது அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். வேனில் ஏறிய பிறகும் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பாள். அவள் புருஷன் பாண்டிதுரை வயலுக்குப் போகிறவன் சுற்று வழியாக அந்தப் பக்கம் போய்விட்டுப் போனான். கேட்டால், "டீ குடிக்கப் போனேன்" என்பான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சீனிச்சாமி வந்தார். பாண்டிதுரையின் அண்ணன். பட்டாளத்திலிருந்து திரும்பியவர். இன்னமும் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. சிவா முதல் போட்டியில் ஜெயித்தபோது நாட்டுக்கோழி முட்டைகளைக் கூடையோடு கொண்டுவந்து, "நம்ம வீட்டுப் பிள்ளைடே" என்று தெருவுக்கே சொன்னவர் அவர்தான். இப்போது நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். ஈஸ்வரி அவித்த பனங்கிழங்கை நாரெடுத்து ஒடித்துத் தட்டில் வைத்தாள். அவர் தொடவில்லை.

"ஏலே தொரை, நேத்து காதுகுத்து வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டுப் பந்தியில ஒரே பேச்சு. ஒங்க வீட்டுப் பிள்ளை பஸ் ஸ்டாப்புல நிக்கிதாமேன்னு கேக்கான்."

பாண்டிதுரை தரையைப் பார்த்தான். ஈஸ்வரிதான் பேசினாள். "ஜெயிச்ச பிள்ளைகள போட்டு வச்சிருக்காக. அதுல என்ன பெரியத்தான்?"

"ஆடுனதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை. தொடை தெரிய நிக்கிறதுக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டேன். அவ கை எங்க கெடக்குன்னு பாத்தியா?"

"கூட ஆடுற பிள்ளை தோள்ல கெடக்கு."

"கீழத்தெருப் பிள்ளை தோள்ல கெடக்கு."

"அந்தப் பிள்ளைதான பெரியத்தான், எதிராளிக காலைப் புடிச்சு நிப்பாட்டுச்சு. அந்தக் கப்பு அப்படித்தான வந்துச்சு."

சீனிச்சாமி குரலை உயர்த்தவே இல்லை. "நான் ஒன்கிட்ட கப்பப் பத்திப் பேச வரல ஈஸ்வரி. அந்தப் போட்டோவ எறக்கணும். இல்லைன்னா பிள்ளைய வீட்டுல வைக்கணும். ரெண்டுல ஒண்ணு."

"ரெண்டும் நடக்காது" என்றாள் ஈஸ்வரி. தறிக்கொட்டகைக் குரல். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது.

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் காலையில் பம்புசெட்டு அறையில் புதுப் பூட்டுத் தொங்கியது.

கிணறு அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. கரண்டு இணைப்பு அண்ணன் பெயரில். இத்தனை வருஷம் அந்த அறைக்குப் பூட்டே இருந்ததில்லை. தை மாதம், நெல் பால் பிடிக்கிற நேரம். மழை எப்போதோ விடைபெற்றுவிட்டது. பகலில் வெயில் சுள்ளென்று அடித்தது. விடியற்காலைப் பனியை நம்பிப் பயிர் நிற்குமா? பாண்டிதுரை போய் வரப்பில் நிற்பான். வயல் முதலில் வெளுத்தது. அப்புறம் மண் மெல்லிசாகக் கீறல் விட்டது. அவன் திரும்பி வந்து கஞ்சியைக் குடித்துவிட்டுக் கட்டிலில் குப்புறப் படுப்பான்.

"அண்ணன்கிட்ட போயி ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள் ஈஸ்வரி.

"கேட்டேன். நீ கேட்ட பதிலத்தான் எனக்கும் சொன்னாரு."

அடுத்த வாரம் ஒரு காலையில் வேனுக்காக வந்து நின்றவள் பிளக்ஸை நிமிர்ந்து பார்த்தாள். பனி இன்னும் கலையவில்லை. காற்றில் பிளக்ஸ் புடைத்துப் புடைத்து அடங்கியது. மகளின் முகம் இருந்த இடத்தில் பின்னாலிருந்த புளியமரம் தெரிந்தது. கிழிக்கவில்லை. சதுரமாக வெட்டி எடுத்திருந்தார்கள். கழுத்துக்குக் கீழே பனியன் இருந்தது, மடியில் கோப்பை இருந்தது, அனுசியாவின் தோளில் கை இருந்தது. முகம் மட்டும் இல்லை.

டீக்கடைக்காரர் அவளைப் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். வேன் வந்து ஹாரன் அடித்தது. ஈஸ்வரி ஏறவில்லை. சாப்பாட்டுத் தூக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேராகச் சீனிச்சாமியின் தோட்டத்தைப் பார்த்து நடந்தாள். அவரை என்ன கேட்பது என்று வாய்க்குள் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனாள். தன் வயலைத் தாண்டும்போது கால் நின்றுவிட்டது.

வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. மோட்டார் சத்தம் கேட்டது. பாண்டிதுரை மண்வெட்டியால் மடை திருப்பிக்கொண்டிருந்தான். அவள் வரப்பில் வந்து நின்றது தெரிந்தும் நிமிரவில்லை.

"தண்ணி வருது போல."

"ம்."

"அண்ணன் சாவி குடுத்துட்டாகளா?"

அவன் மண்ணை அள்ளிப் போட்டான்.

"என்னத்த வாங்கிக்கிட்டுக் குடுத்தாக?"

மண்வெட்டி நின்றது. "நெல்லு பதராப் போயிரும் ஈஸ்வரி. இன்னும் ரெண்டு நாள் போச்சுன்னா மாட்டுக்குத்தான் அறுக்கணும். ஒரு போட்டோதானன்னு நெனச்சேன்."

"நீங்களா வெட்டுனீக?"

"வேற ஆள விட்டா மொத்தத்தையும் கிழிச்சிருப்பானுக. நான்னா மொகத்தோட நிப்பாட்டலாம்னுதான்..."

அவள் சீனிச்சாமிக்காகச் சேர்த்த வார்த்தைகள் எல்லாம் வாயிலேயே நின்றன. "அந்த மொகத்த எங்க போட்டீக?"

பாண்டிதுரை சட்டைப்பையைத் தொட்டான். நாலாக மடித்த பிளக்ஸ் துண்டின் ஓரம் வெளியே தெரிந்தது. "கீழ போட மனசு வரலை" என்றான்.

"அத நீங்களே வச்சுக்கோங்க. பிள்ளை கேப்பா. நீங்களே பதில் சொல்லுங்க."

பிள்ளை கேட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் பார்த்துவிட்டு வீட்டுக்கே திரும்பியிருந்தாள். அப்பா சேறும் காலுமாக வாசலில் வந்து நின்று தானாகவே சொன்னான். சொல்லி முடிக்கும்வரை அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிளேடுலயா அறுத்தீக?"

"ஆமா."

"கோணாம அறுத்திருக்கீகப்பா" என்றாள். பையிலிருந்த புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டுப் பனியனைத் திணித்துக்கொண்டு பொட்டலுக்குப் போனாள். பாண்டிதுரை வாசற்படியிலேயே வெகுநேரம் நின்றான். அடித்திருந்தால்கூட அவனுக்கு அப்படி வலித்திருக்காது.

மத்தியானம் ஈஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் ஸ்டுடியோவில் உட்கார்ந்தாள். பிரிஸ்கில்லா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த மொகத்த மட்டும் பிரிண்ட் போட்டுத் தாரேங்க்கா, மேல ஒட்டிருங்க" என்றாள்.

"ஒட்டுப் போட வேணாம்த்தா. ஒட்டுனா வெட்டுனவகளுக்கு நல்லதாப் போயிரும், ஒண்ணுமே நடக்கலைங்கிற மாதிரி. வெட்டுனது வெட்டுனதாவே இருக்கட்டும். அதுக்கு முன்னால நிக்க வச்சு எம் பிள்ளைகள மறுபடி எடு."

"அதே எடத்துலயா? பகல்லயா?"

"ஊரு பாக்கத்தான்."

பிரிஸ்கில்லா கேமரா வாரைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். அவளுக்கும் யோசிக்க இருந்தது. அந்த ஊரில் முக்கால்வாசிக் கல்யாணமும் காதுகுத்தும் சீனிச்சாமியின் சொந்தக்காரர்கள் வீட்டில்தான். "இனிமே ஒங்க ஊர்ல ஒரு சடங்கு வீட்டுக்கும் என்னையக் கூப்பிட மாட்டாக, தெரியும்லக்கா?" என்றாள். அப்புறம் பிரிஸ்கில்லாவே சிரித்தாள். "கூப்பிடாட்டிப் போகட்டும். அந்தப் படம் நான் எடுத்த படம். ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிள்ளைகளை வீட்டில் விடவில்லை. மற்றவர்கள் வந்துவிட்டார்கள். அனுசியாவை அவளுடைய அம்மா கையைப் பிடித்துக் கூட்டிவந்து, "என்ன வந்தாலும் பாத்துக்கிறலாம், நில்லு" என்று விட்டுவிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். வெங்கடேஸ்வரி டீச்சர் ராஜபாளையத்திலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்திருந்தார். நீலப் பனியன்களைப் பார்த்ததும் டீக்கடையில் கூட்டம் கூடியது. கையிலிருந்த கிளாஸை யாரும் கீழே வைக்கவில்லை.

பிரிஸ்கில்லா பிள்ளைகளை வரிசைப்படுத்தினாள். கேமராவில் பார்த்துவிட்டு இறக்கினாள். "அந்த ஓட்டை சிவா தலைக்கு மேல வருது. நகருனா ஓட்டைய வேற தலை மறைச்சிரும். நகராட்டா ஓட்டையும் மொகமும் சண்டை போடுது."

சிவா திரும்பி ஓட்டையைப் பார்த்தாள். அனுசியாவைப் பார்த்தாள். அப்புறம் வரிசையை விட்டு ஓடிப் பிளக்ஸுக்குப் பின்னால் போனாள். "ஏட்டி அனு, எட்டலை! அந்த பெஞ்ச இழு!" அனுசியா டீக்கடை பெஞ்சை, அதில் உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பிவிட்டு, தரதரவென்று இழுத்துப் பின்னால் தள்ளினாள். ஒரு நிமிஷம் பிளக்ஸ் ஆடியது. பிறகு வெட்டுப்பட்ட சதுரத்துக்குள் சிவாவின் முகம் வந்தது. உயிரோடு, வேர்வையோடு, பல்லெல்லாம் தெரிய.

டீக்கடையில் யாரோ சிரித்துவிட்டான். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அப்போதுதான் சீனிச்சாமியின் புல்லட் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. ஈஸ்வரியைப் பார்க்கவும் இல்லை. கூட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்த தம்பியைத்தான் தேடிப் பிடித்தார்.

"ஏலே, ஒம் பிள்ளைய எறங்கச் சொல்லு."

பாண்டிதுரை அசையவில்லை.

"இந்த ஊர்ல நம்ம அய்யா பேருக்கு ஒரு மருவாதை இருக்கு. அத ரோட்டுல வச்சுக் கூறு போடுதீக. எறங்கச் சொல்லு. இல்லையா, சாவியக் குடு."

எல்லாரும் பாண்டிதுரையைப் பார்த்தார்கள். ஈஸ்வரியும்தான். அவளுக்கு அவன் என்ன செய்வான் என்று தெரியவில்லை. கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் அண்ணனுக்கு எதிராக அவன் ஒரு இருமல்கூட இருமியதில்லை.

பாண்டிதுரை அரைஞாணில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்தான். முடிச்சு இறுகியிருந்ததால் கொஞ்ச நேரம் ஆனது. கொண்டுபோய் அண்ணனின் உள்ளங்கையில் வைத்தான்.

"நெல்லு கருகிரும்டா" என்றார் சீனிச்சாமி. இந்த முறை அவர் குரலில் கோபத்தைவிடத் திகைப்புத்தான் இருந்தது.

"கருகட்டும்ணே. ஒரு தடவ அறுத்துட்டேன். இன்னொரு தடவ கை வராது."

அவன் சொன்னபடிதான் நடந்தது. அந்தப் போகத்தில் அவர்கள் வயல் முழுக்கப் பதராகி மாட்டுக்குப் போனது. ஈஸ்வரி மாசி முழுக்க இரண்டு ஷிப்டு பார்த்தாள். ஆனால் அதெல்லாம் பின்னால். அந்த நேரத்தில் சீனிச்சாமி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வதென்று தெரியாதவர் மாதிரி வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு புல்லட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

"அக்கா, வெயிலு ஏறுது" என்றாள் பிரிஸ்கில்லா.

முன்வரிசையில் நடுநாற்காலி காலியாகக் கிடந்தது. கேப்டன் பின்னால் ஓட்டைக்குள் இருந்தாள். "இத எடுத்துரவா?" என்று டீச்சர் கேட்டார்.

"வேணாம் டீச்சர்" என்று ஓட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது. "எங்கம்மா உக்காரட்டும்."

"சும்மா இருட்டி. நானெல்லாம் எதுக்கு?" என்றாள் ஈஸ்வரி.

"உக்காருங்கத்தே, கால் வலிக்கிது" என்று அனுசியா அவள் தோளைப் பிடித்து அமுக்கினாள். கணுக்கால் பிடிக்கிற கை. ஈஸ்வரி உட்கார்ந்துவிட்டாள். கோப்பையை மடியில் வைத்தார்கள். அவள் எதிர்பார்த்ததைவிட அது கனமாக இருந்தது. அனுசியா தன் கையை எடுக்கவே இல்லை. ஈஸ்வரியும் தன் கையைத் தூக்கி அந்தக் கைமேல் வைத்துக்கொண்டாள்.

"பெஞ்சு ஆடுதும்மா!" என்று சிவா கத்தினாள்.

யாரோ பின்னால் போனார்கள். பெஞ்சு ஆடுவது நின்றது.

"கையெல்லாம் கட்ட வேணாம். எப்படி இருக்கீகளோ அப்படியே இருங்க" என்றாள் பிரிஸ்கில்லா.

புதன்கிழமை ஈஸ்வரி வேலைக்குப் போகிற வழியில் ஸ்டுடியோவுக்குள் ஏறினாள். பிரிஸ்கில்லா கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்துவைத்திருந்தாள். பிள்ளைகள் நின்றார்கள். நடுவில் ஈஸ்வரி வாயை இறுக மூடிக்கொண்டு, யாராவது ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கு மேலே, வெட்டின சதுரத்துக்குள் சிவா சிரித்தாள்.

"எல்லாம் நல்லா வந்திருக்குக்கா. ஒண்ணே ஒண்ணு" என்று பிரிஸ்கில்லா படத்தைக் கீழே நகர்த்தினாள். பிளக்ஸின் அடிவிளிம்புக்குக் கீழே, பெஞ்சுக் கால்களை ஒட்டி, மடித்துக் கட்டிய வேட்டியும் இரண்டு கால்களும் தெரிந்தன. பாதம் அகலம். விரலிடுக்கில் வயல் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. பெஞ்சு நகராமல் இருக்க ஒரு கால் அதன் சட்டத்தில் அழுந்தி ஊன்றியிருந்தது.

"யாரோ பின்னால நின்னிருக்காக. அழிச்சிரவா?"

ஈஸ்வரி குனிந்து பார்த்தாள். வேன் ஹாரன் வெளியே கேட்டது.

"அழிக்காத" என்றாள். "பிளக்ஸு போடணும்."

"பழைய அளவுதானக்கா?"

"அதவிடப் பெருசாப் போடு. அந்தக் காலு வரைக்கும் தெரியணும்."